முப்பதாவது சஹன்

1985ஆம் ஆண்டில் பதுளையில் தொலைக்காட்சி இருந்த வீடுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், துணிக்கடை றவூப் ஹாஜியார் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. குவைத்தில் வேலை பார்த்த மாமா அனுப்பியிருந்தார்.

பார்ப்பதற்கு அது தடித்த டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். சொந்தமாகத் திரை கிடையாது, தொலைக்காட்சியோடு மாட்ட வேண்டும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எழுதியதை ஒரு கேசட்டில் பதிந்து வைப்பார்கள். அந்தக் கேசட்டிலிருந்து அது திரும்பப் படித்து முடிப்பதற்குள், தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கோ அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் சன்னலில் தொங்குவார்கள்.

அந்த மெஷினுக்கு ராஜா, ஹாஜியாரின் பதினாறு வயது மகன் ஷுக்ரி. பதினொரு வயதுத் தங்கை காமிலாவுக்குக் கிடைத்தது, அவன் சொல்லச் சொல்ல எழுத்துகளைத் தட்டும் வேலை.

அந்த நேரத்தில்தான் அவர்களின் அக்கா, மூத்த ராத்தா ஸுலைஹாவின் கல்யாணம் வந்தது. பெண்களுக்கு முற்றத்துப் பந்தலில் சாப்பாடு. கல்யாணச் சோறு என்றால் அங்கே சஹன்தான். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

"வாப்பா, யாரு எந்த சஹன்ல உட்காரணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். பேரைக் கூப்பிட்டு உட்கார வெச்சா சரி" என்றான் ஷுக்ரி.

"செய்ங்க மகன். ஆனா ஒரு ஆளும் விடுபடக் கூடாது. எல்லாரையும் கூப்பிட்டு, ஒருத்தரை மட்டும் நிக்க வெச்சா மனசு எவ்வளவு நோகும்?" என்றார் வாப்பா றவூப் ஹாஜியார்.

காமிலா தன் பங்குக்கு ஒரு வீட்டாரை அழைத்திருந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பள்ளிக்கு வரும் செசிலியின் குடும்பம் அது. போன நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு, காமிலா அங்கே போயிருந்தாள். செசிலியின் அம்மா மரியகொரட்டி இவளுக்கென்றே புதுத் தட்டு வாங்கி, இறைச்சி சேராத சமையல் செய்திருந்தார். "எங்க வீட்டுல நீ யோசிக்காம சாப்பிடணும்ல, அதான்" என்று அவர் சொன்னதை காமிலா மறக்கவே இல்லை.

"எங்க பேரையும் கூப்பிடுவாங்களா காமிலா?" என்று செசிலி பள்ளியில் கேட்டாள்.

"கட்டாயம் கூப்பிடுவோம். கம்ப்யூட்டரே சொல்லும்!" என்று இவளும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

பெயர்களைத் தட்ட இரண்டு நாள் ஆனது. கடைசியில் செசிலி வீட்டார் நான்கு பேர். காமிலா ஆசையோடு 'செசிலி' என்று தட்டி முடித்தாள். மெஷின் 'பீப்' என்றது. ஞாபகத்தில் இனி இடமில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி விழுந்தது.

"மெமரி முடிஞ்சி போச்சு" என்று ஷுக்ரி தலையைச் சொறிந்தான்.

"நானா, அதுக்கு மொத்தம் எவ்வளவுதான் ஞாபகம் இருக்கு?" என்று காமிலா அண்ணனைக் கேட்டாள்.

"உன்ட சமூகக்கல்விப் புத்தகத்துல ரெண்டு பக்கம் அளவு."

"இவ்வளவுதானா!"

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான் போலும்.

"கடைசி நாலு பேரையும் விட்டுடுவோம். அவங்க சொந்தக்காரங்க இல்லையே" என்றான் ஷுக்ரி. அவன் கெட்டவன் அல்ல. மெஷினைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைக் கொஞ்சம் மறந்திருந்தான்.

காமிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுதால் மெஷினில் இடம் வந்துவிடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எழுதினது எல்லாத்தையும் முதல்ல இருந்து காட்டு" என்றாள்.

திரையில் வரிகள் ஓடின. தொடக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வரைய இருபது வரி. பிறகு ஒரு சின்ன இசை. 'எழுதியவர் ஷுக்ரி' என்று மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் பதுளை, ஊவா மாகாணம் என்ற முகவரியோடு இன்னொரு தடவை.

"உன்ட பேரு மூணு தடவை இருக்கு நானா. செசிலிட பேருக்கு ஒரு தடவைகூட இடமில்லையா?"

ஷுக்ரியின் காது சிவந்துவிட்டது. தன் பெயரை மூன்று இடத்திலும் அழித்தான். இசையை அழித்தான். பெருமூச்சு விட்டபடி ரோஜாவையும் அழித்தான். செசிலி வீட்டார் நால்வரும் உள்ளே வந்தார்கள்.

காமிலா துள்ளிக் குதித்து முடிக்கவில்லை, வாப்பா ஒரு தாளோடு வந்து நின்றார். "வெலிமடையில இருந்து இன்னும் எட்டுப் பேர் வாறாங்களாம். சேர்த்துக்கோங்க."

'பீப்!'

இம்முறை அழிப்பதற்கு ரோஜாவும் இல்லை. ஷுக்ரி மறுபடி அந்தக் கடைசி நான்கு பெயர்களைப் பார்த்தான். காமிலா எழுந்து வெளியே போய்விட்டாள்.

முற்றத்தில் சமையல்காரர் லத்தீப், கழுவிய சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியுமா லத்தீப் மாமா?" என்று சோர்வாகக் கேட்டாள்.

"அது எனக்கு எதுக்கு மகள்? முப்பது சஹன். எனக்கு அது போதும்" என்றார் அவர்.

காமிலா அவரையே பார்த்தாள். பிறகு சஹன்களைப் பார்த்தாள். பிறகு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள்.

"நானா! எல்லார் பேரும் வேணாம். ஒரு சஹனுக்கு ஒரு பேரு! அந்த ஆளைக் கூப்பிட்டா, மத்த அஞ்சு பேரையும் அவங்களே கூட்டிட்டு வருவாங்க. முப்பதே முப்பது பேரு!"

ஷுக்ரி வாயைப் பிளந்தான். "இது ஏன் எனக்குத் தோணல்ல?"

"நீ ரோஜாப்பூ வரைஞ்சிக்கிட்டு இருந்தே."

அன்று மாலையே விருந்தாளிகளை வீடு வீடாகச் சேர்த்து முப்பது சஹன்களாகப் பிரித்து, சஹனுக்கு ஒரு பெயர் எடுத்தார்கள். முதலாம் சஹனுக்கு ஸைனப் மாமி. முப்பதாவதற்கு யார் என்று ஷுக்ரி கேட்கவில்லை. அவனே 'செசிலி' என்று தட்டினான். மிஞ்சிய இடத்தில் ரோஜாவும் திரும்பி வந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த முப்பது பெயர்களையும் காமிலா பத்துத் தடவையாவது உரக்கப் படித்திருப்பாள்.

கல்யாண நாள் வந்தது. பந்தல் நிறைய வந்து நின்றார்கள். மெஷின் முன்னால் ஷுக்ரி, வாசல் திரைச்சீலை ஓரமாக காமிலா. தொலைக்காட்சியில் ரோஜா மலர்ந்தது. ஷுக்ரி பெருமையோடு முதல் பெயரைத் தேடினான்.

கரண்ட் போய்விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ரோஜா போனது, பெயர்களும் போயின. எவ்வளவு கேசட் இருந்து என்ன, அதைப் படிக்கவும் கரண்ட் வேண்டுமே!

"தங்கச்சி, இப்ப என்ன செய்றது?" என்று ஷுக்ரி அணைந்த திரையைத் தட்டிப் பார்த்தான்.

காமிலா ஒரு தரம் கண்ணை மூடினாள். நூற்றெண்பது பெயர் என்றால் முடிந்திருக்காது. இது முப்பதுதானே? திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய் நின்றாள்.

"முதலாம் சஹன், ஸைனப் மாமி!"

ஸைனப் மாமி தன் ஐந்து பேரோடு சிரித்துக்கொண்டு வந்தார். இரண்டு, மூன்று என்று ஒன்றுகூடப் பிசகாமல் காமிலா கூப்பிட்டுக்கொண்டே போனாள். இருபத்தொன்பதும் ஆனது. பந்தல் ஓரத்தில் புதுச் சட்டை போட்ட ஒரு பிள்ளை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பதாவது சஹன், செசிலி!"

செசிலியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அவள் அம்மாவும் இரண்டு அக்காமாரும் பின்னால் வந்தார்கள். அவர்கள் துணைக்கு அழைத்து வந்த பக்கத்து லயத்து ரெங்கம்மா மட்டும் தயங்கி நின்றார்.

"நான் சும்மா கூட வந்தவ. என் பேரு உங்க லிஸ்டுல இருக்காது பாப்பா."

"இது ஆறு பேர் சஹன். நீங்க வந்தாத்தான் அஞ்சே ஆகும். வாங்க" என்று காமிலா அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள்.

"அப்போ ஆறாவது ஆள் யாரு?" என்றாள் செசிலி.

முப்பது சஹனையும் கூப்பிட்ட காமிலாவுக்கு அப்போதுதான் தன் பசி ஞாபகம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, செசிலியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.