சத்தம் போடாத ஃபில்டர்

தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. உப்பு மட்டும் ஏறியிருந்தது.

வேலையிலிருந்து வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து உப்புமானியின் கண்ணாடியில் விட்டு, ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். முப்பத்தாறில் நின்றது. துடைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். கோடு சாதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. கருவியில் குற்றமில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை; எந்த எண்ணையும் மூன்று தடவை பார்க்காமல் அவள் நம்பியதில்லை. மூன்றாவது தடவையும் முப்பத்தாறு.

தண்ணீர் ஆவியானால் உப்பு தடிக்கும், அது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் தொட்டிக் கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடுவரை வெறும் தண்ணீரை ஊற்றினாள். இப்போதும் தண்ணீர் கோட்டைத் தொட்டபடிதான் இருந்தது. அப்படியானால் யாரோ உப்பைக் கொட்டியிருக்க வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

"தொட்டியில ஏதாவது போட்டீங்களா?"

கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார். "இல்லயே."

அவ்வளவுதான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். 'என்ன, என்னைப் பாத்தா திருடன் மாதிரி தெரியுதா?' என்று ஆரம்பித்து கல்யாணத்தில் அவள் அம்மா பேசிய பேச்சுவரை போய்த்தான் நிறுத்துவார். இன்று மறுபடி தாளுக்குள் குனிந்துகொண்டார். பக்கம் புரளும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பொய் சொல்கிறவர்கள்தான் இத்தனை சுருக்கமாகப் பதில் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தொட்டி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகள் கேட்டாள் என்று வாங்கியது. ஏழு வயது, வீட்டில் வாண்டு என்று பெயர், தொட்டாற்சிணுங்கி. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் இரண்டு, பூப்போல விரியும் பவளம் ஒன்று. அதுதான் அவள் கேட்டது. கடைக்காரர் மீனைக் காட்டுவதற்கு முன்பே ஃபில்டரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"மூணு ரகம்தான் அக்கா. ஒண்ணு, அழுக்கைப் புடிச்சு வெச்சுக்கும். வெளிய மாட்டற டப்பா, வாராவாரம் நீங்கதான் திறந்து கழுவணும். இன்னொண்ணு, அழுக்கை நுரையாக்கி வெளிய துப்பும். ஸ்கிம்மர்னு பேரு. நல்ல சாமான்தான், ஆனா மிக்ஸி ஓடற மாதிரி இரையும்."

"மூணாவது?"

"தின்னுரும்."

அவர் காட்டியது கல்லை. கடலடியில் கிடந்த உயிர்க்கல். பொந்தும் புழையுமாக, கத்திரிப்பூ நிறத்தில் பாசி படர்ந்து, மழைக்குப் பிறகு திறந்த அலமாரிபோல் ஒரு வாசனை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் உட்கார்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்யுமாம்.

"இதுல சத்தம் போடாதது எது?" என்று கேட்டாள்.

"கல்லுதான். நாப்பது லிட்டர் தொட்டிக்கு அதுவே யதேஷ்டம். தண்ணி பழுத்து மீனுக்குத் தோதாக ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் மீன் விடாதீங்க."

"மீன் இல்லாம கல்லு எதைத் தின்னும்?"

"அதுக்கு வேணுங்கறதை அதுவே பாத்துக்கும் அக்கா. நம்மள மாதிரி மெனு கேக்காது," என்று சிரித்தார்.

சத்தம் போடாதது. அந்த வார்த்தை தன் வாயில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கதவை அறைந்து சாத்துகிற கணவர், பென்சில் உடைந்தாலும் ஊரைக் கூட்டுகிற மகள், இருவருக்கும் நடுவில் வேலைக்கும் போய்வந்து தலைவலியோடு படுக்கிற அவள். இந்த வீடு ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளாதா என்று வெளியில் சொல்லாமல் எத்தனையோ முறை வேண்டியிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் அழுகையை வெறுப்பதாக ஒரு தாய் யாரிடம் சொல்வாள்?

மறுநாள் முப்பத்தேழு. அதற்கு மறுநாள் முப்பத்தெட்டு.

தொட்டித் தண்ணீரில் கலக்க வாங்கிய கடலுப்பு வாளியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பரிசோதனைக் கூடத்தில் செய்வதுபோல் அதன்மேல் கையெழுத்தும் தேதியும் போட்டாள். சமையலறை உப்பு டப்பாவில் உப்பு நிற்கும் மட்டத்தைக் கோடு கிழித்து வைத்தாள். டேப் பிரியவில்லை. கோடு மாறவில்லை. முப்பத்தொன்பது.

இரண்டு பேரையும் கண்காணித்தாள். கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் தொட்டி அருகே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். விரல்களைத் தண்ணீருக்குள் விட்டு, கல்லைத் தடவிக்கொடுத்தபடி, நீல விளக்கு முகத்தில் அசைய அசைய உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஸ்டூல்மேல் வாண்டு, அவளும் கையை உள்ளே விட்டபடி. இருவரும் பேசிக்கொள்வதில்லை. இவள் மட்டும் தொழில் பழக்கத்தில் கையுறை போடாமல் தண்ணீரைத் தொட்டதில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தாள். இருவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

அவள் கரண்டியைத் தட்டில் போட்டாள். "என்னங்க, உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க? நாலு நாளா உங்களை வேவு பாத்துட்டிருக்கேன், தெரியும்ல? ஒரு மனுஷனுக்குக் கோபம் வரவேண்டாமா?"

கணவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "வரல," என்றார் சாந்தமாக. "உப்பு போட்டியா என்ன? எனக்கு வித்தியாசமா ஒண்ணும் தெரியலயே."

உடன் வேலை பார்ப்பவளிடம் சொன்னபோது அவள் கேலி செய்தாள். "சண்டை போடாத புருஷனா? வெளிய சொல்லாத, க்யூவுல நின்னு கூட்டிட்டுப் போயிருவாங்க. அந்தக் கல்லுல எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிக் குடு."

சனிக்கிழமை பிற்பகல், விளையாடப் போன வாண்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். தோல் உரிந்து, மண் ஒட்டி, ரத்தம் காலுறைவரை வழிந்திருந்தது. வாசலில் நின்று, "அம்மா, கீழ விழுந்துட்டேன்," என்று சேதி சொல்வதுபோல் சொன்னாள். கண்கள் காய்ந்திருந்தன. மருந்து போட்டபோதும் அந்தக் கண்கள் இவளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன.

அள்ளி அணைத்து, வேர்வையில் நனைந்த அந்த நெற்றியில் முத்தமிட்டாள்.

உதட்டை நாக்கால் துழாவினாள். மறுபடி முத்தமிட்டாள். கழுத்தில். கன்னத்தில். வேர்வை வழிந்துகொண்டிருந்தது. ஆனால் ருசி இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளரை நக்கியதுபோல், எதுவுமே இல்லை.

அப்போதே வண்டி பிடித்து மகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். வாரக்கடைசி, யாரும் இல்லை. ஃபிரிட்ஜின் முனகலும் ஸ்பிரிட் வாசனையும் மட்டும். ஊசி போனபோது வாண்டு கையை இழுக்கவில்லை. ரத்தத்தில் சோடியம் நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது. நூற்றிருபதுக்குக் கீழே போனவர்களை அவள் ஸ்ட்ரெச்சரில்தான் பார்த்திருக்கிறாள், பல் கிட்டி, கண் செருகி. இயந்திரம் சற்று நேரம் உறுமிவிட்டு எண் எதையும் தராமல் ஒரு வரி அச்சடித்தது: அளக்கும் வரம்புக்குக் கீழே.

தன் ரத்தத்தை எடுத்து வைத்தாள். நூற்று முப்பத்தொன்பது. மறுபடி மகளுடையது. வரம்புக்குக் கீழே. மூன்றாவது தடவை. வரம்புக்குக் கீழே.

வாண்டு சுழல் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்து டாக்டருக்குப் போன் செய்தாள். "பாப்பா முழிச்சு உக்காந்திருக்கா இல்ல? அப்ப மெஷினுக்குத்தான் காய்ச்சல்," என்றார் அவர். அவளே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கணக்கு தானாகவே மனதில் ஓடியது. ஒரு எண் என்பது லிட்டருக்கு ஒரு கிராம்; நாற்பது லிட்டரில் ஒரு எண் ஏறினால் நாற்பது கிராம். முப்பத்தைந்திலிருந்து இன்று காலை நாற்பத்தொன்று. இருநூற்று நாற்பது கிராம். ஒரு பெரிய ஆளின் உடம்பில் மொத்தமாகவே உப்பு ஒரு டம்ளர்தான், இருநூறு கிராம்போல, இருக்கும். ஒரு பெரிய ஆள். ஒரு குழந்தை.

திரும்பும் வழியில் கடைக்காரரை அழைத்தாள். பதில் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் எடுத்தார்.

"தொட்டியில உப்பு ஏறிட்டே இருக்கு. எனக்கு அந்தக் கல்லு வேணாம். இப்பவே கொண்டுவரேன். எந்த ஃபில்டரா இருந்தாலும் பரவால்ல, இரைஞ்சாலும் பரவால்ல."

"உப்பு ஏறிப்போச்சா? குறைஞ்சதை ரொப்ப நல்ல தண்ணிக்குப் பதிலா உப்புத் தண்ணிய ஊத்தியிருப்பீங்க அக்கா. புதுசா வெக்கறவங்க எல்லாரும் பண்றதுதான்."

"நான் ஊத்தல. அந்தக் கல்லு எங்கருந்து வந்துது?"

"ஒரு வீட்டுத் தொட்டிலருந்து எடுத்தேன். பத்து வருஷம் ஓடின தொட்டி." அவர் குரலில் மரியாதை இருந்தது. "ரொம்ப அமைதியான குடும்பம் அக்கா. நாலு பேரு. நான் கல்லைத் தூக்கிட்டு வரேன், ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்படியே சோபாவுல உக்காந்திருந்தாங்க."

வாண்டு அவள் கையை விட்டு உள்ளே ஓடியிருந்தாள்.

செருப்போடு உள்ளே போனாள். ஹாலில் விளக்கு போடவில்லை. தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும். இருவரும் முழங்கைவரை கைகளைத் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். விரல்கள் தெரியவில்லை. கல்லின் பொந்துகளுக்குள் இருந்தன.

"எடு கையை! எடுடி!"

மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. மெதுவாக, உறிஞ்சலை விடுவதுபோல் ஒரு சத்தத்தோடு. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, ரேகையே இல்லாமல். கணவரை அறைந்தாள். அவர் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை.

"ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க. ஏய், வாண்டு, அழுடி. அம்மா அப்பாவை அடிச்சுட்டேன்ல, அழு!"

அழுதது அவள்தான். மூக்கு ஒழுகி, இத்தனை நாளும் இந்த வீட்டில் கேட்காமல் போன சத்தமெல்லாம் சேர்ந்து வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் எழுந்து வந்தார். பின்னால் மண்டியிட்டு, அவள் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். இதமாக. விடாமல்.

வாண்டு முன்னால் வந்து குனிந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணமாகக் குவித்து, அம்மாவின் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட இன்னும் நிறைய இருக்கு."

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"இன்னும் கொஞ்சம் அழும்மா," என்றாள் மகள், கெஞ்சாமல், கோபிக்காமல்.

அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், ஒவ்வொரு பொந்திலிருந்தும் குழந்தையின் சுண்டுவிரலைப்போல் வெளுத்த ஒன்று நீண்டு, நுனி பிளந்து, அம்மா இருந்த பக்கமாகத் திரும்பிக் காத்திருந்தது.