பன்னிரண்டாவது கொடி

பிற்பகல் 3.05. மேமலைத் தோட்டத்து மாதா கோயில் மண்டபம். மேசை மேல் கிட்டார்ப் பெட்டி பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. உள்ளே வெறும் காற்று.

“ஐயோ, என் பேஸ் எங்க?” ஷெல்டன் தலையில் கைவைத்தான்.

காணாமல் போனது லேசுப்பட்ட சாமான் இல்லை. நாலு தடித்த தந்தி போட்ட மின்சார பேஸ் கிட்டார். அதிலும் ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் இல்லாத வகை. கழுத்து மொழுமொழுவென்று இருக்கும். விரல் மயிரிழை தப்பினாலும் சுருதி காலை வாரிவிடும். அதனால்தான் எட்டு மாதமாக விற்கப் போட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பதுளையிலிருந்து றிப்தா வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். ஒரு மணி நேரம் வாசித்தாள், முகமெல்லாம் சிரிப்பாக “எடுக்கிறன்” என்றாள், அதை வீட்டுக்குச் சொல்ல வெளியே போனாள். ஷெல்டன் உபரித் தந்தி எடுக்கத் தொழிலாளர் லயத்தில் இருந்த வீட்டுக்கு ஓடினான். இருவரும் திரும்பியபோது மேசை காலி.

மண்டபத்துக்கு ஒரே வாசல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் காவலாள் மரியநாயகம். சன்னல்களில் கம்பி, கை நுழையுமே தவிர கிட்டார் நுழையாது.

“நாலடி சாமான் என்னைத் தாண்டி வெளிய போகல, சத்தியமா. ஆனா இன்னைக்கு இங்க வந்த வெளியாளு இந்தப் பிள்ள ஒன்னுதான். நான் பொலிசுக்கு ஃபோன் எடுக்கப்போறேன்” என்றார் மரியநாயகம்.

றிப்தாவின் முகம் வெளிறியது. “நான் எடுக்கல்ல. காசு குடுத்து வாங்க வந்த நான் ஏன் களவெடுக்கணும்? பொலிசுக்குப் போனனெண்டு வாப்பா கேள்விப்பட்டா, இனி மியூசிக் முடிஞ்ச கதை.”

“ஃபோனைக் கீழ வைங்க, நாயகண்ணே.” குரல் வாசலிலிருந்து வந்தது. மரியகொரட்டி. பீடத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தவள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். பதுளை ரயில் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் எண்ணாமல் தாண்ட மாட்டாள். கோயிலுக்கு வந்தாலும் மெழுகுதிரியை எண்ணிவிட்டுத்தான் முழங்காலிடுவாள்.

“கடைசி பஸ் நாலேகாலுக்கு. அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா பொலிச கூப்பிடுங்க. இப்ப எல்லாரும் தேடுங்க.”

3.15. தேடினார்கள். றிப்தா கொண்டுவந்த நீளப் பையை மரியநாயகம் தலைகீழாக உதறினார். ஒன்றுமில்லை. பெஞ்சுக்கு அடியில், மேடைக்குப் பின்னால், திரைக்குள்ளே எங்கும் இல்லை. நாளைய திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்த ரொஷான்தான் ரொம்பவும் மும்முரம். ஷெல்டனோடு ஒரே பேண்டில் கிட்டார் வாசிப்பவன். சுவரோரம் சுருட்டிச் சாய்த்திருந்த பன்னிரண்டு தெருக்கொடிகளைக்கூட அவனே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, “எல்லாம் வெறுங் கம்பு அன்ட்டி” என்றான்.

3.25. கொரட்டி விசாரணையைத் தொடங்கினாள்.

“சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா, அண்ணே?”

“கேட்டுச்சு. மெதுவா, கும்... கும்முனு. வரவர எறங்கிக்கிட்டே போயி நின்னுருச்சு. ஏதோ ஒலிபெருக்கிச் சத்தம்னு நெனச்சேன்.”

“எத்தனை மணிக்கு?”

“மூணுக்குப் பத்து நிமிசம் இருக்கும்.”

“நீ அப்ப எங்க, மகள்?”

“மேல வளைவுல. இங்க என்ட ஃபோனுக்குச் சிக்னல் இல்லயே.” றிப்தா ஃபோனை நீட்டினாள். உம்மாவோடு பேசியது 2.46 முதல் 3.01 வரை.

“உள்ள யாரு இருந்தா?”

“ரொஷான் வயர் இழுத்துக்கிட்டு உள்ளயும் வெளியயும் போய் வந்தான். வெறுங்கையோடதான் வந்தான்” என்றார் மரியநாயகம். “ஆனா சாமான் கெடைக்காம நான் யாரையும் நம்ப மாட்டேன்.”

“நீ என்னப்பா செஞ்சே?”

ரொஷான் நெற்றியைத் துடைத்தான். “வலது பக்கத்து ஸ்பீக்கர்ப் பெட்டி செத்துப்போச்சு அன்ட்டி. அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பதுளைக்குக் கொண்டு போகணும். த்ரீவீல் ஆட்டோ வரச் சொல்லிட்டேன்.”

கொரட்டிக்கு மூக்கில் வேர்த்தது. இரண்டு மணி மைக் சோதனையில் இரண்டு பெட்டியும் சேர்ந்து போட்ட கூச்சலில் லயத்துக் கோழிகள் சிதறி ஓடியதை அவளே பார்த்துச் சிரித்திருந்தாள். அவள் மெல்லச் சுவரோரம் போனாள். விரலை நீட்டி எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

“மகள், இந்தக் கிட்டாரோட கழுத்தக் கழட்டலாமா?”

“நாலு ஸ்க்ரூதான் அன்ட்டி. ஆனா முதல்ல தந்தியெல்லாம் தளர்த்தணும். தளர்த்தத் தளர்த்தச் சத்தம் எறங்கிக்கிட்டே...” சொல்லும்போதே அவள் கண் விரிந்தது.

3.45. வெளியே த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. ரொஷான் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

“அத அங்கேயே வை!” கொரட்டி போட்ட அதட்டலில் மரியநாயகமே எழுந்து நின்றுவிட்டார். “நீங்க எல்லாரும் நாலடி நீளத்துக்கு ஒரு சாமானத் தேடுறீங்க. நான் இருபத்தாறு வருஷம் பார்சல் எடுத்தவ. நீளமான சாமான சனம் முழுசா கொண்டு வராது. கட்டில் கால் தனியா வரும், சைக்கிள் ஹேண்டில் தனியா வரும். காலைல பசறை பஸ்ஸுல கொடி வந்தப்ப எறக்குனது யாரு? நான். கொடி பன்னிரண்டு, மூணடிக் கம்பு பதினொன்னு. ஒரு கம்பு வழியிலேயே முறிஞ்சு போச்சு. ஒரு கொடி வெறுந்துணியா இந்த மேசையில கெடந்துச்சு. இப்ப பன்னிரண்டு கொடிக்கும் கம்பு இருக்கே! பன்னிரண்டாவது கம்பு எங்கேருந்து முளைச்சுச்சு?”

கடைசிக் கொடியை எடுத்து உதறினாள். நீலத்துணி அவிழ்ந்து விழ, கறுத்த மரமும் அதன் தலையில் தந்தி முறுக்குகிற நாலு இரும்புத் திருகாணிகளும் வெளியே வந்தன. பேஸ் கிட்டாரின் கழுத்து!

“ஃப்ரெட் போட்ட கழுத்தா இருந்தா, தொட்ட கைக்கு ஏணிப்படி மாதிரி தட்டியிருக்கும். இதுல தட்ட ஒன்னுமில்ல. யாரு தொட்டாலும் கம்புன்னு விட்டுருவாங்க. அது தெரிஞ்சவன்தான் முந்திக்கிட்டுத் தானே தடவிப் பாத்தான். ரொஷான், உன் பைக்குள்ள இருக்கிற திருப்புளியக் குடு.”

அவன் கொடுத்தான். பெட்டியின் பின்பலகை கழன்றது. உள்ளே, அவனுடைய ஜாக்கெட்டில் சுற்றி, கிட்டாரின் உடம்பு. பக்கத்தில் நாலு தந்திகள்.

மரியநாயகம் கிட்ட வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

“ஏன்டா?” என்றான் ஷெல்டன்.

“விக்கப் போடுறதுக்கு முந்தியே இத எனக்குக் குடுன்னு உன்கிட்டக் கேட்டேன்ல? ‘உன் காதுக்கு இது சரிவராது’ன்னு பேண்ட் முழுக்கப் பாத்திருக்கச் சிரிச்சே. அந்தக் கோவம்.” ரொஷான் தலை நிமிரவில்லை.

“சிரிச்சது என் தப்பு. மன்னிச்சிரு” என்றான் ஷெல்டன். “ஆனா உன் கோவத்துக்கு இந்தப் பிள்ள களவாணிப் பட்டம் சுமக்கணுமா? முதல்ல அவகிட்டக் கேளு.”

ரொஷான் எல்லாருக்கும் முன்னால் றிப்தாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் கிட்டாரின் உடம்பைக் கையில் எடுத்தாள். பிறகு, “அந்தப் பெட்டிய மூடி வயர மாட்டுங்க. எனக்குச் சத்தம் வேணும்” என்றாள்.

4.08. நாலு ஸ்க்ரூவும் இறுகின. தந்திகள் ஏறின. காசு கவரை ஷெல்டன் கையில் வைத்துவிட்டு, றிப்தா கிட்டாரைத் தோளில் மாட்டினாள். முதல் சுரம் விழுந்ததும் சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அடுத்து அவள் விரல் அந்த மொழுமொழுக் கழுத்தில் வழுக்கி ஏறியது. குரலெடுத்துப் பாடுவது போல ஒரு இழுப்பு! லயத்துச் சனம் வாசலில் குவிந்துவிட்டது. கொரட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. தானே பெற்ற பிள்ளை மேடையேறியது போல முதல் ஆளாகக் கைதட்டினாள்.

வளைவில் பஸ் இரைந்தது. றிப்தா திடுக்கிட்டு நிறுத்தினாள்.

“நீ வாசி தாயி!” மரியநாயகம் கத்தினார். “வாய்க்கு வந்தபடி பேசினவன் நான்தானே? பஸ்ஸ நான் நிப்பாட்டுறேன்.”

தரையில் கிடந்த பன்னிரண்டாவது கொடியை வாரி எடுத்துக்கொண்டு அவர் ரோட்டுக்கு ஓடினார். நடு ரோட்டில் நின்று, இரண்டு கையாலும் அதை வீசினார். பஸ் நின்றது. றிப்தா பாட்டை முடிக்கும்வரை அது நகரவே இல்லை.