லிஜின் பெயரில் இரண்டாவது சாவி

விபின் இறந்து பதினாறு நிமிடம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது.

2015 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. காலை மணி 10.50. ஆரல்வாய்மொழியில் பதினேழாம் எண் காற்றாலையின் அடியில் வந்து நின்ற காவலாளி பகவதியப்பன் அண்ணாந்து பார்த்தார். விபினின் பைக் கீழே நின்றது. சாப்பாட்டுத் தூக்கு அதில் தொங்கியது. மேலே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. போல்ட் முடுக்க விபின் மேலே ஏறியிருந்தான்; ஆள் இருக்கும்போது இறக்கை சுற்றக் கூடாது.

ஆள் ஏறும்போது இறக்கை சுற்றாதபடி அடியில் போட வேண்டிய கைப்பூட்டு பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி விபின் எழுதிக் கொடுத்த காகிதம் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. காகிதத்தைப் பத்திரமாக வைப்பதில் நம் அலுவலகங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

காற்றாலையை ஓடவிட்டது யார்? அதை ஓட்டும் கம்ப்யூட்டரின் பதிவில் பதில் இருந்தது. 10.34, உள்ளே வந்தவர்: லிஜின். கட்டுப்பாட்டு அறையில் அன்று வேலையில் இருந்தவன் அவன்தான். போன வாரம் ஊர்த் திருவிழாவுக்காக முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லி விபினிடம் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டவனும் அவன்தான். சாயங்காலமே கைது. கொலை வழக்கு.

ஆகஸ்ட் 18, செவ்வாய். காலை 9.00. சிறை.

சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவடிவு கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போலீஸுக்கு வந்தவள். சொந்த ஊர் பூதப்பாண்டி. ஒரு கையெழுத்துப் போட்டு முடிக்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அவளோ கேள்வி கேட்டாள்.

"பத்தரைக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"பத்தே காலுக்கு மேனேஜர் வந்தாரு மேடம். மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து போன், பதினேழை ஓட்டுன்னாரு. விபின் எறங்கிட்டேன்னு சொல்லல்ல, நான் ஓட்ட மாட்டேன்னுட்டேன்."

"அப்புறம்?"

"கோவமா அவருக்க ரூமுக்குப் போயிட்டாரு. நான் ஒண்ணுமே செய்யல்ல மேடம். அவன்கூட சண்டை போட்டது நெசம். அவனைக் கொல்லுவனா? எனக்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன்தான்."

அவன் அழுதான். சண்முகவடிவுக்கு அவனை நம்பத் தோன்றியது. நம்பிக்கையைக் கோர்ட்டில் கொடுக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

காலை 10.40. ஆரல்வாய்மொழி அலுவலகம்.

மேனேஜர் செல்வதாஸ் வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். விடுமுறை நாளான சனிக்கிழமை அலுவலகத்தில் இருந்தது அவரும் லிஜினும் மட்டும்.

"யார் உள்ளே வரலாம்னு காற்றாலை கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது மேடம். இந்த டைரக்டரி சர்வர்ட்ட கேக்கும்." மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினார். "ஒவ்வொருத்தனுக்கும் ஜோடிச் சாவி. ரகசியச் சாவி அவனவன் லேப்டாப்ல. அதோட ஜோடி, பொதுச் சாவி, இதுல அவனவன் பேருக்குக் கீழே. யாராவது லிஜின்னு சொல்லிக்கிட்டு வந்தா, லிஜின் பேர்ல உள்ள பொதுச் சாவியைக் காட்டுன்னு இதைக் கேக்கும். பொருந்தினா திறக்கும்."

"உங்க பேர்ல போனா?"

"திறக்காது. முறையில உள்ள ஆபரேட்டருக்கு, அதுவும் இந்த ஆபீஸ்ல இருந்து மட்டுந்தான்."

"டைரக்டரியில கைவெக்கிற பாஸ்வேர்டு யார்ட்ட?"

செல்வதாஸ் சுவரில் தொங்கிய சர்ச் காலண்டரைத் திருப்பினார். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. "எல்லாருக்கும் தெரியும். ஒரு மாசமா யாரும் தொடல்ல."

சண்முகவடிவு முக்கால் மணி நேரம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டாள்.

காற்றாலைப் பதிவில் பெயருக்குப் பக்கத்திலேயே, உள்ளே வந்த சாவியின் அடையாள எழுத்துகளும் இருந்தன. முடிவு: q7Kd. டைரக்டரியில் லிஜின் பெயரில் இருந்தது ஒரே சாவி. அதன் முடிவு: Zm2R. பெயரைப் படித்தவர்கள் யாரும் வாலைப் படிக்கவில்லை.

ஒரு மாதமாக யாரும் தொடாத டைரக்டரியில் லிஜினின் பக்கம் கடைசியாக மாறிய நேரம், ஆகஸ்ட் 15, காலை 10.41.

மூன்றாவது, முட்டத்தில் கடற்காற்றை அளக்கும் சிறு அறை ஒன்று நிறுவனத்துக்கு இருந்தது. அங்கே நெட் அடிக்கடி போகும் என்பதால் டைரக்டரியின் நகல் ஒன்றை ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். இங்கே எது மாறினாலும் அடுத்த நொடி அங்கேயும் மாறும். அந்தப் பெட்டி ஆகஸ்ட் 15 காலை 10.29 முதல் பதில் சொல்லவில்லை.

மதியம் 12.10. முட்டத்து அறையைக் கூட்டிப் பெருக்கி, கதவுச் சாவியை வைத்திருப்பவள் லிஜினின் மனைவி பிரிஜா. சண்முகவடிவு போன் செய்து, ஊர்ப் பேச்சில் வாஞ்சையாகக் கேட்டாள்.

"மக்களே, அங்க மிஷின் ஓடுதா?"

"இல்ல மேடம். சனிக்கிழமை மாதா தேர் வந்துதுல்லா. கம்பி தட்டும்னு பத்தரைக்கு முன்னயே கரண்டை வெட்டிருவாங்க. தேர் போனப்பொறம் கரண்டு வந்துட்டு. ஆனா இந்தப் பெட்டிக்கு பட்டனை அமுக்கணும். அவரைப் பிடிச்சிட்டுப் போன பொறவு நான் அந்தப் பக்கமே போகல்ல."

அப்படியென்றால் 10.41க்கு நடந்த மாற்றம் அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்று முதல் முறையாகச் சண்முகவடிவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சொன்னாள்: "நான் இப்பமே வாறேன். அந்தப் பெட்டிக்குள்ளதான் ஒனக்க மாப்பிள்ளைக்க உயிரு இருக்கு."

போனை வைத்துவிட்டு, "வண்டியில ஏறுங்க சார்" என்றாள் செல்வதாஸிடம்.

மதியம் 1.25. முட்டம்.

அறை கழுவி விடப்பட்டிருந்தது. ஈரத் தரையில் காலை ஊன்றி பிரிஜா வாசலில் நின்றாள். உள்ளே மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி. அதற்குப் பக்கத்தில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சண்முகவடிவு விளக்கையே பார்த்தாள்.

"நீங்க வந்து காத்து நிக்கப்பிடாதுன்னு போட்டு வச்சேன் மேடம்" என்றாள் பிரிஜா. "பன்னெண்டே முக்காலுக்கே ஓட ஆரம்பிச்சிட்டு."

சண்முகவடிவு உட்கார்ந்து லிஜினின் பக்கத்தைத் திறந்தாள். ஒரே சாவி. Zm2R. பெட்டியின் பதிவைப் பார்த்தாள். ஆகஸ்ட் 15, 10.21: லிஜின், மாற்றம் வந்தது. அடுத்த வரி ஆகஸ்ட் 18, 12.46: லிஜின், மாற்றம் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மூன்று நாள் அந்த q7Kd சாவி இருட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. விழித்த உடனே பெட்டி ஆரல்வாய்மொழியைக் கூப்பிட்டு, நான் இல்லாதபோது என்ன மாறியது என்று கேட்டிருக்கிறது. அழி என்று பதில் வந்திருக்கிறது. அழித்துவிட்டது.

பிரிஜாவைக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். பிறகு செல்வதாஸைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார். லிஜின் ஓட்ட மாட்டேன்னதும் ரூமுக்குப் போய் புது ஜோடிச் சாவி செஞ்சிருக்கீங்க. 10.21க்குப் பொதுச் சாவியை அவன் பேர்ல ஏத்தினீங்க. 10.34க்கு அவனா உள்ளே போனீங்க. விபின் இறங்கியிருப்பான்னு நினைச்சிருப்பீங்க, அவனைக் கொல்லணும்னு உங்களுக்கு இல்ல. 10.41க்கு அந்தச் சாவியை அழிச்சீங்க."

"லிஜினே செஞ்சிருக்கலாமே மேடம். பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும்."

"அவன்ட்ட ஏற்கெனவே சாவி இருக்கு. சொந்த வீட்டுக்குள்ள போறவன் கள்ளச்சாவி செய்வானா? லிஜின் பேர்ல இரண்டாவது சாவி தேவைப்படுறது லிஜின் இல்லாதவனுக்கு மட்டுந்தான். அந்த ஆபீஸ்ல அன்னைக்கு அப்படி ஒருத்தர்தான் இருந்தார்."

செல்வதாஸின் நெற்றி வியர்த்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. "இப்படி நீங்க யோசிக்கணும்னே அவன் செஞ்சிருந்தா?"

அதற்குத்தான் அவள் முட்டம் வந்தாள். பொதுச் சாவி ஒவ்வொன்றின் கடைசியிலும் அதைச் செய்த லேப்டாப்பின் பெயர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அடையாள எழுத்துகளில் அது வராது, சாவியே கையில் வேண்டும். செல்வதாஸின் லேப்டாப் பதினாறாம் தேதியே துடைத்துப் புதிதாக்கப்பட்டுவிட்டது. மாதா தேருக்குக் கடற்கரை ஊர்களில் கரண்டை வெட்டுவார்கள் என்பது மட்டும் மலையடிவாரத்து மனிதரான அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தப்பு லிஜினைக் காப்பாற்றியிருக்கும், முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் வரை.

"தொடாதே" என்று ஒரு வார்த்தை. சொல்லாமல் போனது அவள்தான். பூட்டு, சாவி, வால் என்று எல்லாவற்றையும் யோசித்தவள், கணவனை எதிர்பார்த்து நிற்கும் ஒரு பெண்ணின் கையை யோசிக்கவில்லை.

"பத்து இருபத்தொண்ணுக்கு ஏதோ வந்திருக்கு மேடம், இல்லன்னு சொல்லல்ல" என்றார் செல்வதாஸ் மெதுவாக. "என்ன வந்ததுன்னு காட்டுங்க."

அவளால் காட்ட முடியவில்லை.

பெட்டியைச் சீல் வைத்துச் சென்னைக்கு அனுப்பினாள். நான்கு மாதம் கழித்து, மீட்க இயலவில்லை என்று ஒரு வரி வந்தது. லிஜின் அதுவரையும் உள்ளேதான் இருந்தான், அதற்குப் பிறகும். விபினின் அம்மா இன்றும் அவனைத்தான் சபிக்கிறாள்.

அன்றைக்குப் பிரிஜா தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்தாள். முகத்தில் அத்தனை எதிர்பார்ப்பு.

"நான் போட்டது நல்லதாப் போச்சா மேடம்? அவரு எப்ப வருவாரு?"

சண்முகவடிவு தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "நல்ல காரியந்தான் செய்த மக்களே" என்றாள். வேறு எதையும் அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஜீப்பில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். நகல் பெட்டி இயக்கப்பட்ட நேரம்: 12.46. இயக்கியவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. கைதானவனின் மனைவியே பெட்டியைத் தொட்டாள் என்று செல்வதாஸின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். கோர்ட்டில் படிக்கும்போது பிரிஜா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும்.

அந்த இடத்தை அவள் நிரப்பவில்லை.