விடைக்கு ஒரு கதவு

ஐந்தாம் வகுப்பின் விடுகதைப் புத்தகம் தயாராகிவிட்டது. கேள்விகள் நேராக நின்றன. விடைகள் பக்கத்தின் அடியில் தலைகீழாக நின்றன.

"விடை வேணும்னா புத்தகத்தைத் திருப்பணும். அதுலதான் வேடிக்கை," என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

ஆனால் இது தாளில் அச்சாகும் புத்தகம் இல்லை. பள்ளி நூலகத்தின் இணையப் பக்கத்தில் வரப்போகும் மின்னூல். மின்னூல் செய்வதுதான் யோசனையின் சித்திக்கு வேலை. அதனால் இதையும் அவரே செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

யோசனை என்பது வகுப்பில் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள். கேட்டவர் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் பதில் வரும்.

சனிக்கிழமை மதியம் சித்தி தன் மேசையிலிருந்து கூப்பிட்டார்.

"பி.டி.எஃப். ரெடி. உங்க அம்மா போனுக்கு அனுப்பியிருக்கேன், பாரு."

யோசனை முதல் விடுகதையைப் படித்தாள். விடையைப் பார்க்கப் போனைத் திருப்பினாள். கூடவே பக்கமும் திரும்பிக்கொண்டது. விடை மறுபடி தலைகீழ். இன்னொரு தடவை திருப்பினாள். பக்கமும் இன்னொரு தடவை திரும்பியது.

"சித்தி, விடை டிமிக்கி குடுக்குது!"

கடைசியில் சோபாவில் தலைகீழாகத் தொங்கியபடி, காலைச் சுவரில் சாய்த்து, விடையைப் படித்தாள்.

"ஜிப்பு!"

"புத்தகம் படிக்கிற லட்சணத்தைப் பாரு," என்று சித்தி சிரித்தார்.

அப்போது மாடி வீட்டு ரேடியோ வந்து சேர்ந்தான். யோசனையின் வகுப்புதான். வாய் ஓயாது, அதனால் ரேடியோ. அவனுக்குக் கண் தெரியாது. புத்தகங்களை அவனுடைய போன் படித்துச் சொல்லும். அது படிக்கிற வேகத்தில் மற்றவர்களுக்குப் பாதி வார்த்தை புரியாது. விடுகதையில் அவனை மடக்க வகுப்பில் ஆளே கிடையாது.

"யோசனை, உன் விடுகதை எங்க இருக்கு? பத்து எண்ணுறதுக்குள்ள சொல்றேன் பாரு."

"கடைசியில. முதல்லேருந்து வா."

யோசனைக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒரே ஒரு தடவையாவது அவனைத் திணறடிக்க வேண்டும் என்றுதான் அந்த விடுகதையை எழுதியிருந்தாள். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

சித்தி புத்தகத்தை அவன் போனுக்கும் அனுப்பினார்.

"படம்," என்றது போன். ரேடியோ விரலால் தள்ளினான். "படம்." மறுபடி தள்ளினான். "படம்."

"என்ன சித்தி இது, கல்யாண ஆல்பமா?"

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க வரைஞ்சதெல்லாம் அழகா வரணும்னு ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமா வெச்சுட்டேன்டா. இரு, எழுத்தை எழுத்தாவே போட்டுடறேன். இ-பப்னு இன்னொரு வகை இருக்கு. அதை உன் போன் படிக்கும்."

விசைப்பலகை சடசடத்தது. கொஞ்ச நேரத்தில் புதுப் புத்தகம் வந்தது. இந்த முறை போன் படித்தது. ஆனால், ஒரே மூச்சில் படித்தது.

"மேலும் கீழும் பல் கடித்தால் பை மூடும் பசி மட்டும் எடுக்காது நான் யார் ஜிப்பு..."

திறந்த வாயை ரேடியோ மூடிக்கொண்டான்.

"வெயிலிலும் மழையிலும் மலர்வேன் வீட்டுக்குள் வந்தால் சுருங்குவேன் நான் யார் குடை..."

"ஏய், யோசிக்க விடு!"

போன் காதில் வாங்கவில்லை. தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனது. கடைசி விடுகதை வருவதற்குள் யோசனை பாய்ந்து அதன் வாயை அடைத்தாள்.

ரேடியோ போனைக் கீழே வைத்தான்.

"பரவால்ல," என்றான் அவன். "நீங்கல்லாம் விளையாடுங்க. நான் சும்மா கேட்டுக்கறேன்."

அந்த 'சும்மா' யோசனைக்குச் சுருக்கென்று தைத்தது.

"விடையை எல்லாம் எடுத்துடவா?" என்று சித்தி கேட்டார். "சாயங்காலத்துக்குள்ள டீச்சருக்கு அனுப்பணும்."

"வேணாம் சித்தி. அப்புறம் கிளாஸே என்னைத் திட்டும்," என்றான் ரேடியோ.

யோசனை ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, பறந்து போனது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்தி, எது கேள்வி, எது விடைன்னு புத்தகத்துக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நாம சொல்லலையே."

"அதான் தலைகீழா வெச்சோமே?"

"அது கண்ணுக்குச் சொன்னது."

"அப்ப புத்தகத்துக்கே சொல்லிடலாம்."

சித்தி புத்தகத்தின் உள்பக்கத்தைத் திரையில் திறந்தார். பெட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியது போல ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு குறி இருந்தது. தலைப்புக்குத் தலைப்பு என்று குறி. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே குறி: பத்தி. கேள்வியும் பத்தி, விடையும் பத்தி.

"நான் விடுகதை போட்டா, கேட்டுட்டு வாயை மூடிக்குவேன்," என்றாள் யோசனை. "அவனா 'சொல்லு'ன்னாதான் சொல்லுவேன். புத்தகமும் அப்படி இருக்கட்டும். விடை எல்லாத்தையும் கடைசியில ஒரு ரூம்ல வெச்சுடுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் கீழ ஒரு கதவு. தட்டினாதான் திறக்கணும்."

"போனவன் திரும்பி வரணுமே?"

"அங்கயும் ஒரு கதவு!"

"அடி சக்கை!" என்று சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் கதவைச் சித்தி செய்து காட்டினார். மீதியை யோசனை செய்தாள். ரேடியோ ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். குடையின் கதவைத் தட்டினால் 'பல் துலக்கும் பிரஷ்' என்று வந்தது.

"மழையில நின்னு பல் தேய்க்கிறது யாருடி?" என்று அவன் தரையில் உருண்டு சிரித்தான். யோசனை கதவை மாற்றி வைத்தாள்.

விடையைப் பாதி மறைத்து வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. ரேடியோவுக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதினார் சித்தி. கேள்விக்குப் பக்கத்திலேயே போன் படித்தது: "சிவப்புக் குடை."

"சித்தி! போட்டு உடைச்சுட்டீங்களே!" என்று இருவரும் கத்தினார்கள்.

சித்தி அதை அழித்துவிட்டு வேறு எழுதினார்: "மழையில் ஒரு பூனை. கொஞ்சமும் நனையவில்லை."

வெயில் சாயும் நேரத்தில் ரேடியோ கடைசி விடுகதைக்கு வந்தான்.

"மாடி வரைக்கும் போவேன், ஒரு படிகூட மிதிக்க மாட்டேன். தினமும் என்னைப் பிடிக்கிறாய், நான் ஒருநாளும் ஓடியதில்லை. நான் யார்?" என்றது போன். பிறகு, "விடைக்குப் போக இங்கே தட்டவும்," என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது.

ரேடியோ விரல் மடக்கி எண்ணினான். பத்து தாண்டிவிட்டது.

"பல்லி!"

"தினமும் பல்லி பிடிக்கிறியா நீ?"

"லிஃப்ட்!"

"நம்ம வீட்டுல ஏதுடா லிஃப்ட்?"

"பேசாமத் தட்டிப் பாரேன்," என்றார் சித்தி.

"தட்ட மாட்டேன்! யாரும் சொல்லவும் கூடாது!"

சித்தி புத்தகத்தை டீச்சருக்கு அனுப்பினார். மாடியிலிருந்து ரேடியோவின் அம்மா குரல் கொடுத்தார். "டேய், பால் ஆறிப்போகுது!"

ரேடியோ போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "ஓடியதில்லை... மிதிக்க மாட்டேன்..." என்று முணுமுணுத்தபடி வெளியே போனான். யோசனை வாசலில் வந்து நின்றாள்.

அவன் தினமும் ஏறுவது போலவே ஏறினான். கால் படிகளை மிதித்தது. கை, பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டு போனது.

பாதிப் படியில் கால் நின்றது.

அவன் விரல்கள் கம்பியை மெதுவாக ஒருமுறை தடவின, பிறகு இறுகப் பற்றின.

"அடிப்பாவி!"

கீழே யோசனை வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு வழிந்தது.