இரண்டாம் முறை திறந்த எஞ்சின்

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் தேவசகாயம் கடையைத் திறந்து அரைமணிகூட ஆகவில்லை. ஒரு குட்டியானை லோடு வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அதன் தட்டில், கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் சாய்ந்து கிடந்தது. டேங்கில் துரு. கிழிந்த சீட்டின் நுரைக்குள்ளிருந்து புல் முளைத்திருந்தது.

"இன்னா மேஸ்திரி, செத்ததுக்கெல்லாம் வைத்தியம் பாக்கிறியா?" என்று சிரித்தான் குட்டியானைக்காரன்.

தேவசகாயம் சிரிக்கவில்லை. அந்த சைலன்சரை வெட்டி ஒட்டியது அவருடைய கைதான்.

முன்சீட்டிலிருந்து கோபி இறங்கினான். இருபத்துநாலு வயது. வலது காலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தான்.

"ரெண்டு வருஷமா ஸ்டேஷன் வாசல்ல கெடந்துச்சுண்ணே. நேத்துதான் கோர்ட்ல சொல்லி உட்டாங்க."

"எதுக்குடா இங்க எடுத்தாந்த?"

"திங்கக்கிழமை விழுப்புரத்துல கேசு. நான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிதான் பின்னால ஒக்காந்திருந்த தேவா செத்தான்றாங்க. வண்டி தானா நின்னுச்சுண்ணே. பின்சக்கரம் அப்படியே புடிச்சுக்குச்சு. யாரும் நம்பல. ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க பிரேக்கும் லைட்டும் பாத்துட்டு போய்ட்டாங்க, எஞ்சினைத் திறக்கவே இல்ல." அவன் குரல் இறங்கியது. "நீங்க திறந்து பாருங்க. உள்ள ஜாமாயிருந்தா ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நான் ஜெயிலுக்குப் போறதுகூட பரவால்லண்ணே. தேவாவோட அம்மா அஞ்சம்மா என்னைப் பாக்கிறப்பல்லாம் மண்ணை அள்ளித் தூத்துறாங்க."

"சாயந்திரம் வா. பாத்து வெக்கிறேன்" என்றார் தேவசகாயம்.

அவன் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். வெயில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் உள்ளே வந்தது. ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரை மரச் சுத்தியால் தட்டித் தட்டி மேலே எடுத்தார்.

பிஸ்டனில் நாலு கீறல்கள். நாலு பக்கமும், நேராக, ஆழமாக. அலுமினியம் உருகி வழிந்து ஒட்டியிருந்தது. எந்த மெக்கானிக் பார்த்தாலும் சொல்லிவிடுவான், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கேப் பத்தவில்லை என்று.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மேடையில் அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். தேவாவும் கோபியும் எதிரில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றுகொண்டிருந்தார்கள். ரோட்டில் பிக்கப் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. போர்ட்டுகளை ஃபைல் போட்டு அகலமாக்கினார். ஹெட்டை லேத்தில் கொடுத்துத் தேய்த்தார். பெரிய கார்புரேட்டர் மாட்டினார். அவ்வளவும் சுத்தமான வேலை. ஆனால் புதுப் பிஸ்டனுக்குக் கேப் சரியாக விட்டால், எஞ்சின் சூடேறும்வரை லேசாகத் தட்டும் சத்தம் வரும். சத்தம் வந்தால் ஆட்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். அதனால் எப்போதும் இறுக்கமாகவே போடுவார். 'தேவசகாயம் கை வெச்சா சத்தமே இருக்காது' என்று ஊரில் பேர்.

இறுக்கிப் போட்ட எஞ்சினை ஐந்நூறு கிலோமீட்டராவது மெதுவாக ஓட்ட வேண்டும். அன்று கிருத்திகை; தேவா நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். பையன்கள் மயிலம் முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை.

"தைரியமா இழுத்துப் பாருடா" என்று சொன்னது அவர்தான்.

கூட்டேரிப்பட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் இருந்த தேவா லாரிச் சக்கரத்துக்குள் போனான்.

தேவசகாயம் பிஸ்டனைக் கழற்றி எரிந்த எண்ணெய் டப்பாவில் போட்டார். சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு, வழியில் ஒரு புதுப் பிஸ்டன் வாங்கி, அடுத்த தெரு லேத்துக்கு நடந்தார்.

"ஜல்தியா இந்தப் பிஸ்டனுக்கு ஏத்தாப்ல சிலிண்டரைக் கடைஞ்சு ஒரு போர் அடிச்சுக் குடு நெடுஞ்செழியா. கேப் கரெக்டா உடு."

"அட! இன்னிக்கு இன்னா ஞானோதயம்?" என்றான் லேத்துக்காரன் நெடுஞ்செழியன். "சத்தம் வருதுன்னு கஸ்டமர் சண்டைக்கு வருவான், பாத்துக்கோ."

இரண்டு மணிக்கு எஞ்சின் கோர்த்தாகிவிட்டது. கடையில் கிடந்த கார்புரேட்டர், பழைய டியூப், அரை லிட்டர் பெட்ரோல். கேப்பைத் தகடு வைத்துத் தானே இருமுறை அளந்தார். இனி அரைமணி நேரம் ஓட்டினால் போதும், புதுப் பிஸ்டனின் பளபளப்பு போய்விடும். யார் திறந்தாலும் பழசுபோலத்தான் இருக்கும்.

மூன்றாவது கிக்கில் உயிர் வந்தது. நீலப் புகை கடையை நிறைத்தது.

பைபாஸில் ஆள் நடமாட்டம் இல்லை. தார் உருகும் வெயில். வண்டி லேசாகத் தட்டிக்கொண்டே ஓடியது, சரியான கேப்பின் சத்தம். நாற்பதுக்கு மேல் முடுக்கவில்லை.

ஒரு மேம்பாலம் தாண்டியதும் ஹேண்டில் லேசானது. முன்சக்கரம் தரையில் பாவாததுபோல் அலைந்தது. பின்பக்க ஷாக் கிறீச்சிட்டு இறங்கியது. பள்ளத்தில் விழுந்தோம் என்று நினைத்தார். ஷாக் மறுபடி எழும்பவில்லை.

பின்சீட்டில் ஆள் ஏறி உட்காரும் இந்தக் கனம் அவருக்குத் தெரியும். தினமும் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறவர்தானே.

புகையின் நாற்றம் விலகி விபூதியும் கற்பூரமும் மணத்தன. அந்தச் சாலையில் அப்போது கோயிலும் இல்லை, கடையும் இல்லை.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார்.

பார்க்கவில்லை.

தலையைக் குனிந்து கால்பக்கம் மட்டும் பார்த்தார். மடித்து வைத்திருந்த பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்திருந்தன.

கழுத்தில் மூச்சுப் பட்டது. அந்த வெயிலிலும் குளிர்ந்த மூச்சு.

"கிளட்ச்சப் புடிண்ணே."

காதுக்குள் சொன்னதுபோல் இருந்தது. பதற்றமில்லாத, கொஞ்சம் அவசரமான குரல்.

அவர் விரல்கள் கிளட்ச்சை இழுத்ததும் எஞ்சின் செத்ததும் ஒரே கணம். சக்கரம் மட்டும் சுதந்திரமாக உருண்டது. ஹாரனை அலறவிட்டபடி ஒரு லாரி தோளை உரசிக்கொண்டு கடந்தது. அதன் காற்றில் வண்டி ஆடியது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது அவர் வேட்டி நனைந்திருந்தது.

பின்சீட் காலி. ஷாக் மெதுவாக எழும்பியது.

ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி எஞ்சினை மறுபடி திறந்தார். காலையில் வாங்கிய பிஸ்டன். இருமுறை அளந்த கேப்.

நாலு பக்கமும் நாலு கீறல்கள்.

வெளியே கால் இழுபடும் சத்தம் கேட்டது. தேவசகாயம் பிஸ்டனைத் துணிக்குள் சுற்றி மடியில் மறைத்தார். அது சுட்டது.

கோபி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தான். காலையில் இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. தலை சீவியிருந்தான்.

"பாத்தீங்களாண்ணே?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். காப்பாற்றிய தேவாவின் குரல் இன்னும் காதில் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு இந்தக் கடை இருக்காது. இவன் இருக்கிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். அஞ்சம்மா இவர்மீது மண் தூற்றுவாள்.

"பாத்தேன் தம்பி. உள்ள சுத்தமா இருக்கு. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை திறந்து பாத்துட்டேன்டா."

கோபி டேங்கின் துருவை விரலால் தடவினான்.

"அப்ப நான்தான்" என்றான். "இத்தினி நாளும் அவங்கம்மா திட்டும்போது, நான் இல்லம்மான்னு மனசுக்குள்ளயாச்சும் சொல்லிக்கினு இருந்தேன். இனிமே அதுவும் இல்ல." வாசலில் நின்று திரும்பினான். "வண்டியை நீங்களே வெச்சுக்கோங்கண்ணே. எனக்கு வாணாம்."

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. கோபிக்கு ஒரு வருஷம் ஜெயில். அப்பீலுக்குப் போகச் சொன்ன வக்கீலிடம், "வாணாம் சார், நான்தான் கொன்னேன்" என்றானாம்.

தேவசகாயம் பைக்கை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். பிஸ்டனை வீடூர் அணையில் எறிந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போனார். பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் மட்டும் உதடுகள் அசையவில்லை. கனமும் இல்லை, குரலும் இல்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்.

ஆவணியில் வளவனூரில் ஒரு கல்யாணம். மனைவி பிரபாவதி முந்தின நாளே போய்விட்டாள். அவர் காலையில் தன் ஸ்கூட்டரில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, தனியாகப் போனார். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது செல்லுக்கு ஒரு மெசேஜ் வந்தது. போலீஸ் அனுப்பியது. ஹைவே கேமரா எடுத்த படம். பின்னால் அமர்ந்து வந்தவர் ஹெல்மெட் அணியவில்லை என்று இருந்தது.

"இன்னா மாமா, சாதத்தைப் போட்டுட்டு செல்லை நோண்டிக்கினு இருக்கீங்க?" என்றாள் சாம்பார் ஊற்ற வந்த பெண்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார்.

ஸ்கூட்டரில் அவர் இருந்தார். பின்னால் ஒருவன் நெருங்கி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் விபூதி. இரண்டு கைகளும் அவர் தோள்மேல். முகம் அவர் காதருகே சாய்ந்திருந்தது.

அன்று கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்ன வாய் இறுக மூடியிருந்தது.