மணி ஓய்ந்த பிறகு

1957 ஆகஸ்டு. காஜா பேராங் ஊரில் அந்தப் பலகை வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கருணாகரன் உள்ளே வந்தபோது, மெர்டேக்கா சுதந்திர நாள் வரவேற்புக் குழுத் தலைவர் ராஜரத்தினம் கண்ணாடியின் முன் நின்று சுதந்திரத்தின் மூச்சுக்காற்றைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். 'காற்று' என்னும்போது வலது கை மேலே போகவேண்டும். இன்னும் சரியாகப் போகவில்லை.

"காசம் இருக்கான்னு வீடு வீடா பாக்குறோம், ஐயா. யாராச்சும் இருமுறாங்களா?"

"தலைவர் வீட்லயா? நல்லா கேட்டீங்க போங்க!"

இதே டிரெஸ்ஸர் பங்குனியிலும் வந்தார். இதே கேள்வி, இதே பதில். அன்று பின்னறையில் மனைவி சந்திரமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் வீட்டில் காசம் என்று தெரிந்தால் எவன் மாலை போடுவான்? அதனால் ராஜரத்தினம் அவளுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தார். பக்கத்து மாரியம்மன் கோயிலில் மணி அடிக்கும்போது மட்டும் இருமிக்கொள்ளவேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் விழுங்கவேண்டும்.

விழுங்கினாள். பெரியாஸ்பத்திரியில் அதற்கு ஊசி மருந்து இருந்தது. சித்திரையில் செத்துப்போனாள். மரண அறிவிப்பில் 'குழுத் தலைவரின் துணைவியார்' என்பது பெரிய எழுத்தில் வந்தது. அவள் பெயர் சின்ன எழுத்தில். காரணம், திடீர்க் காய்ச்சல்.

அன்றிலிருந்து மணியோசைக்கு அடியில், பூட்டிய பின்னறையில் ஓர் இருமல் கேட்கிறது. எலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எலி முந்தானைக்குள் இருமுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

டிரெஸ்ஸர் 'இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

மணி அடித்தது.

அடுப்படி வாசலில் ஒன்பது வயது மகள் ஜெயா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பினாள். பாவாடை நுனியை வாயில் அழுத்தினாள். சின்னத் தோள்கள் குலுங்கின.

அந்தக் குலுக்கல் அவருக்குத் தெரியும்.

மணி ஓய்ந்தது.

பின்னறையில் யாரோ இருமினார்கள்.

மணியில்லாமல். ஒளிக்காமல். அடிவயிற்றிலிருந்து.

பேனா நின்றது. "உள்ள யாரு, ஐயா?"

யாருமில்லை என்றால் போதும், டிரெஸ்ஸர் போய்விடுவார். பங்குனியில் போனது போல. ராஜரத்தினம் வாயைத் திறந்தார். உள்ளே மறுபடியும் இருமல், இப்போது கதவை ஒட்டி.

"என் சம்சாரம்," என்றார். கூட்டத்தை அதிரவைக்கும் குரல் காற்றாகத்தான் வந்தது. "செத்து நாலு மாசமாச்சி. நான்தான் இருமக்கூடாதுன்னு... புள்ளைக்கும் வந்திருச்சி, டிரெஸ்ஸர். கூட்டிட்டுப் போங்க."

கருணாகரன் கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு ஜெயாவின் முன் குந்தினார். "மணி அடிக்கிறப்ப இருமணும்னு யாரும்மா சொன்னா?"

"அம்மா செய்றத பாத்து நானே கத்துக்கிட்டேன்." அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அப்படி செய்யவேணாம், சத்தமாவே இருமுன்னாங்க அம்மா. நான்தான் மறந்துட்டேன்."

"எப்பம்மா சொன்னாங்க?"

"நேத்து."