ஈ மொய்க்காத குட்டை

கழிவுக் குட்டையின் மேல் ஒரு ஈகூட இல்லை.

எலும்பையும் தோலையும் வேகவைத்துப் பசை காய்ச்சும் ஆலை அது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்காக இப்படிப்பட்ட ஆலைகளின் புழக்கடைகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவள், இன்று இந்த ஆலையைச் சோதிக்க வந்திருந்த அவள். "குளிச்சிட்டு உள்ள வா தாயே" என்று கணவன் கும்பிடு போடுவதும், குளித்த பிறகும் மூக்கைப் பிடித்துக்கொள்வதும் அவளுக்குப் பழகிப்போனவை. சுண்ணாம்பு நெடி, கொதிக்கும் கொழுப்பின் இனித்த வாடை, தொண்டையில் படலமாக ஒட்டும் ஆவி எல்லாம் இங்கேயும் இருந்தன. ஈதான் இல்லை.

"ஒரு வருஷமா ஒரு சொட்டுக்கூட வெளிய போகலைங்க," என்றார் மேனேஜர். "எவ்வளவு விட்டாலும் குட்டையே இழுத்துக்குது."

"இழுத்துக்கிட்டு எங்க போகுது?"

அவர் சிரித்து மழுப்பினார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கழிவுநீர் மாதிரி எடுக்காமல் கிளம்பப் போவதில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நீண்ட கைப்பிடிக் குவளையுடன் கரையோரம் குந்தினாள். குவளை உள்ளே இறங்கவில்லை. காய்ச்சிய பாலின் ஏடு போலக் குட்டை முழுக்க ஒரு படலம். வெளிர் மஞ்சளாக, ஆங்காங்கே நீல நரம்போடி, மயிர்க்கால்கள் போல நெருக்கமான துளைகளுடன், ஒவ்வொரு துளையிலும் பிசுபிசுவென்று ஒரு பொட்டு எண்ணெயுடன். கையுறைக்குள்ளிருந்த விரலால் அழுத்திப் பார்த்தாள். காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது.

காற்று வீசியது. கரையிலிருந்து கரை வரை படலம் புல்லரித்தது.

துள்ளி எழுந்தாள். களிமண் வழுக்கியது. இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. சூடு. வழவழப்பு. கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல எதுவோ அவள் காலைச் சப்பியது.

மேனேஜர் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டார். பூட்ஸ் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே பேன்ட்டும் கரைந்துபோயிருந்தது. காலைச் சுற்றி அந்தப் படலம். மஞ்சளாக. துளைகளோடு. விளிம்பை நகத்தால் கிளப்பி உரித்தாள்.

குட்டை முழுவதும் வெடவெடத்தது.

"பிடுங்காதீங்கம்மா! அதுக்கு வலிக்கும்!"

அவளுக்கும் வலித்தது. ரத்தம் கசிந்தது. எது தன் தோல், எது அது? தெரியவில்லை. வாந்தி எடுத்தாள். வாந்தி சரிவில் வழிந்து குட்டையைத் தொட்டது. துளைகள் விரிந்தன. உறிஞ்சின.

துப்பி முடித்த அவள் நாக்கில், அதே புளிப்பு மறுபடி ஏறியது.

"ஆம்புலன்ஸ்... கூப்பிடுங்க..."

"கூப்பிடுறேம்மா. முதல்ல இதைச் சமாதானப்படுத்தணும். சாயங்காலமானா இதுக்கு அரிக்கும்."

நீளமான இரும்பு வாரியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடினார். வாரியின் பற்கள் படலத்தில் இறங்கின. வறக். வறக்.

அவள் முதுகில், கை எட்டாத இடத்தில், சுகமாக இருந்தது.

நிறுத்தச் சொல்லிக் கத்தத்தான் வாயைத் திறந்தாள். கண்கள் சொருகின.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள்.